முள் கத்தரியும் தொழுநோய்க் கிருமியும்: பரிணாமத்தில் 'வளர்ச்சி' எங்கே?

பள்ளிக்கூடச் சுவர்களில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் நான்கு காலில் ஒரு குரங்கு. அடுத்தடுத்து முதுகு நிமிர்ந்துகொண்டே போய், வலது ஓரத்தில் ஈட்டியோடு நிற்கும் மனிதன். பரிணாமம் என்றதும் நம்மில் பலருக்கு மனசில் ஓடுவது இந்த வரிசைதான். கூடவே ஒரு சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பரிணாம வளர்ச்சி. உயிர் என்பது கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே போவது, மேல்படியில் உட்கார்ந்திருப்பது நாம் என்பதுதான் படமும் சொல்லும் சேர்ந்து சொல்லும் சேதி. கடந்த 160 ஆண்டுகளில் அறிவியல் கண்டதற்கு ஏறக்குறைய நேரெதிரான சேதி இது. அதற்குச் சாட்சி தேடிக் கலாபகஸ் தீவுவரை போக வேண்டாம். வேலூர் காய்கறிச் சந்தையிலும் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் தேடினாலே போதும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். 'பரிணாமம்' என்றால் மாற்றம், திரிபு, அவ்வளவுதான். பால் தயிராவதையும் நம் பழைய தத்துவக்காரர்கள் பரிணாமம் என்றே சொன்னார்கள். 'வளர்ச்சி' பிறகு வந்து சேர்ந்தது. ஈழத்துப் பாடநூல்களில் 'கூர்ப்பு' என்பார்கள். எனக்குப் பிடித்த சொல். ஆனால் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். அங்கேயும் 'சிறப்பு' வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லும் யோக்கியமில்லை. அதன் லத்தீன் வேருக்குச் சுருளை விரிப்பது என்று பொருள், அதாவது உள்ளே முன்பே எழுதி வைத்தது ஒவ்வொன்றாக வெளிவருவது. டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே கிடையாது. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. மாற்றத்தோடு தொடரும் வம்சாவழி என்ற பொருளில்தான் அவர் எழுதினார். வேறொருவர் நூலைப் படித்தபோது, 'உயர்ந்தது, தாழ்ந்தது என்று ஒருபோதும் சொல்லாதே' என்று ஓரத்தில் தனக்குத்தானே குறித்தும் வைத்தார். பிறகு அவரே பல இடங்களில் அதை மீறினார் என்பது வேறு விஷயம். பழக்கம் அவ்வளவு பழையது.

எவ்வளவு பழையது? கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் உயிர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தொல்காப்பிய மரபியல் 'ஒன்றறிவதுவே உற்றறிவதுவே' என்று தொடங்கி, புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும் (நத்தை, சிப்பி போன்றவை) ஈரறிவு, சிதலும் (கறையான்) எறும்பும் மூவறிவு என்று ஏறி, மனம் சேர்ந்த மக்களை ஆறாம் படியில் வைக்கிறது. 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று மாணிக்கவாசகர் தம் பிறவிகளை எண்ணுகிறார். மேடைகளில் இந்த வரிகளைச் சொல்லி, 'டார்வினுக்கு முன்பே நாம் சொல்லிவிட்டோம்' என்று கைதட்டல் வாங்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தொல்காப்பியம் செய்வது வகைப்பாடு. எந்த உயிருக்கு எந்தப் புலன் என்று கூர்ந்து பார்த்த ஒருவரின் வேலை அது. ஒன்று இன்னொன்றாக மாறியது என்று அது எங்கும் சொல்லவில்லை. மாணிக்கவாசகர் பேசுவது ஓர் ஆன்மாவின் அலைச்சலை. புழுவாகப் பிறந்த உயிர் அடுத்து மரமாகலாம். ஆனால் புழு புழுவாகவே இருக்கிறது, மரம் மரமாகவே இருக்கிறது. டார்வின் சொன்னதோ இனமே நிலையானதல்ல என்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் மாணிக்கவாசகருக்கும் பெருமையில்லை, டார்வினுக்கும் இல்லை.

இனம் நிலையானதல்ல என்பதைக் கத்தரிக்காயில் பார்க்கலாம்.

அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும், காயின் தலையைத் தொப்பிபோல மூடியிருக்கும் பச்சைப் பகுதியிலும் முள் இருக்கும். கவனிக்காமல் எடுத்தால் விரலில் ஏறிவிடும். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதென்ன விசித்திரம் என்பார்கள். உண்மையில் விசித்திரம் அவர்கள் ஊர்க் கத்தரிதான். கத்தரியின் காட்டு உறவுகளைப் பாருங்கள். சாலையோரம் தரையோடு படர்ந்து கிடக்கும் கண்டங்கத்தரிக்கு இலையெல்லாம் முள். சுண்டைச் செடிக்கும் முள் உண்டு. ஆடுமாடு கடிக்காமலிருக்க அந்தக் குடும்பம் வைத்துக்கொண்ட காவல் அது. காட்டுக் கத்தரியை மனிதன் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வேலியும் போட்ட பிறகு, முள் குறைந்த செடி பிறந்தால் அது செத்துப்போகவில்லை. மாறாக, பறிக்கச் சுலபமாக இருக்கிறதே என்று அதிலிருந்து விதை எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படி எடுத்ததில் உலகின் பல கத்தரிகள் முள்ளை உதிர்த்துவிட்டன. நம் வட்டாரத்திலோ முள்ளுள்ள காயின் ருசிக்கு மதிப்பு இருந்ததால், முள்ளும் சேர்ந்து தப்பித்தது. இப்போது அந்த முள்ளே அடையாளம். கடைக்காரர் முள்ளைக் காட்டித்தான் விற்கிறார்.

இதைச் செய்த விவசாயி யாரும் புதுச் செடியை உருவாக்கவில்லை. வயலில் தானாகவே கிடந்த வேறுபாடுகளில் இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கினார். டார்வின் தம் வாதத்தைத் தொடங்கியதும் இங்கேதான். அவருக்குக் கிடைத்தது புறா. விசிறிவால் புறா, தொண்டை உப்பும் புறா, வானத்தில் கரணமடிக்கும் புறா எல்லாமே மாடப்புறாவின் வம்சம் என்று நிறுவ உலகெங்கும் கடிதம் எழுதி மாதிரி கேட்டார். அனுப்பியவர்களில் ஒருவர் மதராஸில் உயர் அதிகாரியாக இருந்த வால்ட்டர் எலியட். இங்கிருந்து வீட்டுப் பறவைகளின் தோல்கள் கப்பலேறி டார்வின் மேசைக்குப் போயின. 1868-இல் வெளிவந்த நூலில் டார்வின் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறார். அக்பர் அரண்மனையின் 20,000 புறாக்களும் அவருடைய எழுத்தில் வந்து போகின்றன.

விவசாயி இருந்த இடத்தில் வறட்சியை வையுங்கள், ஆட்டை வையுங்கள், நோயை வையுங்கள். பிறப்பவை அதிகம், பிழைப்பவை குறைவு. பிழைத்தவற்றின் குணம் அடுத்த தலைமுறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். அதற்குத் திட்டம் கிடையாது. முன்னேற்றம் வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. ஆடு மேயும் மேட்டில் முள் பிழைக்கும், வேலி போட்ட தோட்டத்தில் முள்ளில்லாதது பிழைக்கும். இதில் எது 'வளர்ந்தது'?

டார்வினுக்கு முன் 1809-இல் பிரெஞ்சு உயிரியலாளர் லமார்க் ஒரு வழி சொல்லியிருந்தார்: உழைத்து உழைத்துப் பெற்ற குணம் பிள்ளைக்கும் போகும் என்று. குடியாத்தத்தில் நாலு தலைமுறையாகத் தறி நெய்யும் வீட்டில் பிறக்கும் குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தால் இதற்குப் பதில் தெரியும். காய்ப்பு ஏறாத பூங்கையாகத்தான் இருக்கும். குணம் எப்படித்தான் கடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு டார்வினிடமும் சரியான விடையில்லை. பட்டாணிச் செடிகளில் அதைக் கண்ட மெண்டலின் கட்டுரை 1866-இலேயே வெளிவந்தும், 1900 வரை யாரும் பொருட்படுத்தவில்லை. டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம் 1953-இல் தெரிந்தது. கத்தரி முள்ளின் கணக்கு முடிந்ததோ போன வருஷங்களில்தான். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு செடிகளில் முள் மறைந்ததற்குப் பின்னால் ஒரே மரபணுக் குடும்பம் திரும்பத் திரும்பப் பழுதானது என்று 2024-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை, இருந்த ஒன்று கெட்டது. இந்தப் பழுதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இத்தனை மாற்றத்துக்கும் காலம் வேண்டுமே என்பதுதான் டார்வினுக்கு வந்த வலுவான எதிர்ப்பு. எதிர்த்தவர் பாதிரியார் அல்ல, இயற்பியலாளர் கெல்வின். உருகிய பூமி குளிர எவ்வளவு காலமாகும் என்று கணக்குப் போட்டு, 1862-இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். டார்வின் கலங்கித்தான் போனார். கதிரியக்கம் தெரிய வந்த பிறகே கெல்வின் கணக்கு அடிபட்டது. 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி பேட்டர்சன் பூமியின் வயதைச் சுமார் 455 கோடி ஆண்டு என்று நிறுவினார். நம் புராணக் கணக்கில் ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு. இரண்டும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துப் புல்லரிக்க வேண்டாம், அது தற்செயல். ஆனால் ஒன்றுண்டு. கோடி கோடியாக ஆண்டுகளை எண்ணிப் பழகிய காதுக்கு, நீண்ட காலம் என்பது ஐரோப்பியருக்கு இருந்த அளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கோடையில் நம்மைச் சுட்டெடுக்கும் இந்த மொட்டைப் பாறைக் குன்றுகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. கோட்டைக்கு வயது நானூற்றுச் சொச்சம்தான். இந்தப் பாறைகள் உருவான நாளில் உலகத்தில் கண்ணுக்குத் தெரியும் உயிர் ஒன்றுமில்லை, நுண்ணுயிர்கள் மட்டுமே. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே அதற்கப்புறம். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை என்பதால் இவற்றில் புதைபடிவம் கிடைக்காது. கடல்வாழ் உயிரின் படிவம் வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். நம் பக்கம் கிடைப்பது வேறு.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இளம் நிலவியலாளர் செதுக்கிய கல்லொன்றைக் கையில் எடுத்தார். கைக்கோடரி. டார்வின் நூல் வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் போனார்கள். 1866-இல் ஃபுட் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே மதராஸ் மாவட்டத்தோடு நம் வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டமும் இருக்கிறது. செம்பூரான் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் பற்றிய கட்டுரை அது. அத்திரம்பாக்கம் இருப்பது கொற்றலை ஆற்றங்கரையில். பழங்காலத்தில் நம் பாலாறு அந்த வழியாகத்தான் ஓடிற்று என்பது நிலவியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருவது. இன்று மணலுக்கு அடியில் தண்ணீரை ஒளித்துக்கொண்டு கிடக்கும் ஆறு, ஒரு காலத்தில் தடத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபுட்டிடம் அந்தக் கற்களின் வயதைக் கணக்கிட வழியில்லை. தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் தோண்டி எடுத்தவற்றுக்கு 2011-இல் வந்த விடை: சுமார் 15 லட்சம் ஆண்டு. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை, அவற்றுக்கு வயது சுமார் 3 லட்சம்தான். அப்படியென்றால் அத்திரம்பாக்கத்தில் கல் செதுக்கியவர் நாமல்ல. நமக்குச் சித்தப்பா முறை, பெரியப்பா முறை என்று எதையாவது சொல்லலாம். அவர்கள் எலும்பு அங்கே கிடைக்கவில்லை, கைவேலை மட்டும் கிடைத்திருக்கிறது. சுவர்ப் படத்தில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கிறார்களே, அது தவறு. பல மனித இனங்கள் ஒரே காலத்தில் பூமியில் நடமாடின. மிஞ்சியது ஒரு கிளை. சிம்பன்ஸியும் நம் தாத்தா அல்ல. 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த பொதுப் பாட்டியின் இன்னொரு வழிப் பேரப்பிள்ளை. அதுவும் அத்தனை லட்சம் ஆண்டு மாறித்தான் இன்றைய சிம்பன்ஸி ஆகியிருக்கிறது.

திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960-களில் தோண்டியபோது புதிய கற்காலத்தவர் விட்டுப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கல் செதுக்கியவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இவர்கள் விதை பொறுக்கத் தெரிந்தவர்கள், கத்தரிக்காரருக்கு முன்னோர்.

இனி கிருமிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் பாட்டி தொழுநோய் என்று சொல்லமாட்டார், 'பெருவியாதி' என்பார். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். நாட்டிலேயே இந்த நோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் ஒன்று வட ஆற்காடு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். 1955-இல் கரிகிரியில் இதற்கென்றே மருத்துவமனை எழுந்தது. விரல்கள் அழுகி விழுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் அடிபட்டு அடிபட்டுக் குறைகின்றன என்று பிராண்ட் காட்டினார். வலி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் இயற்கைத் தேர்வு காத்துவந்த ஒரு காவல். அது போனால் உடம்பு என்னாகும் என்பதை வேலூர் கண்ணால் கண்டது.

1873-இல் நார்வேயில் ஹான்சன் கண்ட இந்தக் கிருமியின் முழு மரபுத்தொகுதி, அதாவது அதன் டி.என்.ஏ. எழுத்து முழுவதும், 2001-இல் படிக்கப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட வகையின் பெயர் டி.என். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது என்பதால் அந்தப் பெயர். படித்தவர்கள் திகைத்தார்கள். நெருங்கிய உறவான காசநோய்க் கிருமிக்குச் சுமார் 44 லட்சம் எழுத்து, ஏறக்குறைய 4,000 மரபணு. தொழுநோய்க் கிருமிக்கு 33 லட்சத்துக்கும் குறைவான எழுத்து, அதில் வேலை செய்பவை 1,604 மரபணுக்கள் மட்டும். கூடவே 1,116 செத்த மரபணுக்கள். ஒரு காலத்தில் ஏதோ செய்தவை, இப்போது எழுத்து சிதைந்து சும்மா கிடப்பவை.

மனிதச் செல்லுக்குள்ளேயே குடியிருக்கப் பழகிவிட்ட கிருமிக்குச் சாப்பாடு வீட்டுக்காரர் கணக்கு. மூணு வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுபவன் அறையில் ஸ்டவ் துருப்பிடித்தால் அவனுக்குத் தெரியவா போகிறது? அப்படி ஒவ்வொரு மரபணுவாகத் துருப்பிடித்தது. கெட்டதால் நஷ்டமில்லை என்றால் தேர்வு அதைத் தடுக்காது. விளைவு, 12 முதல் 14 நாளுக்கு ஒருமுறைதான் இது இரட்டிக்கும். குடலிலுள்ள ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அதே வேலைக்கு வசதியான சூழலில் 20 நிமிஷம் போதும். ஏணிக் கணக்கில் பார்த்தால் தொழுநோய்க் கிருமி படிகளில் உருண்டு கீழே விழுந்த உயிர். ஆனால் ராஜஸ்தானில் 4,000 ஆண்டுப் பழைய எலும்புக்கூட்டில் அதன் தடம் இருக்கிறது, இன்னும் நம்மிடையே இருக்கிறது. தோற்ற உயிர் என்று இதைச் சொல்ல முடியாது.

நம்மிடமும் துருப்பிடித்த ஸ்டவ் உண்டு. வைட்டமின் சி-யை நாய், ஆடு, மாடு எல்லாம் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு அதற்கான மரபணு செத்துக் கிடக்கிறது. அதனால்தான் நெல்லிக்காய். குரங்குகளுக்கும் அதே மரபணு செத்திருக்கிறது, அதுவும் ஒரே மாதிரியாக. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை. கினிப் பன்றிக்கும் இந்த மரபணு பழுதுதான், ஆனால் பழுதான விதம் வேறு, ஆகவே அது வேறு ஏட்டின் வழி. குரங்குக்கும் நமக்கும் உள்ள உறவுக்குச் சுவர்ப் படத்தைவிட இந்தப் பகிர்ந்த பிழை நல்ல சாட்சி.

கிருமி மாறும் என்ற அறிவு புத்தகத்தோடு நிற்கவில்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. சிம்பன்ஸியின் வைரஸ் ஒன்று மனிதருக்குள் தாவி, 1920-களின் வாக்கில் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் பரவத் தொடங்கியது என்று அதன் வம்சாவழியைப் பின்னோக்கி வரைந்து பிறகு சொன்னார்கள்.

தொழுநோய்க்கு 1940-களிலிருந்து பல ஆண்டுகள் பெரும்பாலும் டாப்சோன் என்ற ஒரே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். 1964-இல் அதற்கு அடங்காத கிருமியை மலேசியாவில் உறுதி செய்தார்கள். கணக்கு எளிது. நோய் முற்றிய ஒருவர் உடம்பில் ஆயிரம் கோடிக் கிருமி என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் ஒன்று தற்செயலாக டாப்சோனுக்கு அடங்காதது என்றால், மாத்திரை போடும் முன்பே அப்படிப்பட்டவை பத்தாயிரம் இருக்கும். மற்றதெல்லாம் சாக, இடம் இவற்றுக்கு. கத்தரித் தோட்டத்தில் விதை பொறுக்கிய அதே வேலையை இங்கே மருந்து செய்கிறது. ஆனால் அதே விகிதத்தில் தப்பிக்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்பும் கிருமி லட்சம் கோடியில் ஒன்று. ஆயிரம் கோடிக்குள் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். 1980-களில் அது வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தது. பெருவியாதி என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதற்குப் பெரிய காரணம் அது.

ஹான்சன் கண்டு 150 ஆண்டு தாண்டியும், தொழுநோய்க் கிருமியைக் கண்ணாடித் தட்டில் தனியாக வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்தில் வளர்க்கிறார்கள். அல்லது அமெரிக்காவிலுள்ள ஆர்மடில்லோ என்ற பிராணியில். பார்க்க நம் அழுங்கு மாதிரி உடம்பெல்லாம் கவசம், ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. உடல் சூடு குறைவு, கிருமிக்கு அது பிடிக்கிறது. 2001-இல் படித்த நம் டி.என். வகையும் ஓர் ஆர்மடில்லோவுக்குள் வளர்ந்ததுதான். தொலைத்த மரபணுக்களின் பட்டியல் கையில் இருக்கிறது. தட்டில் என்னத்தை ஊற்றினால் அது வளரும் என்பது மட்டும் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.